பிள்ளையை யார் கையில் கொடுப்பது? சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு சொந்தக் காரியம் ஒன்றை முடிக்க

சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஊரார் சொல்லும் யோசனைகளிலேயே எனக்கு ஆகாதது, "வெடியால நாலரைக்கு எந்திரிச்சுப் பழகு" என்பதுதான். பால் குடிக்கிற பிள்ளை ராத்திரியெல்லாம் எழுப்பிவிட்டிருக்கும். நாலரைக்கு எழுந்து புத்தகத்தைப் பிரித்தால் இரண்டாவது பக்கத்தில் தலை தொங்கும். அதற்குள் பக்கத்தில் ஆள் இல்லாத வெறுமை தெரிந்து பிள்ளையும் எழுந்துகொள்ளும். அப்புறம் அன்றைய பொழுது முழுக்க இரண்டு பேருக்கும் சிடுசிடுப்புதான். ராத்திரி முழுத் தூக்கம் தூங்குகிறவர்கள் கண்டுபிடித்த யோசனை அது. அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தனக்கென்றும் ஒன்று செய்ய வேண்டும் என்று நினைக்கிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்கூட்டிக்கு லைசென்ஸ், பாதியில் நின்ற டிகிரி, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு, நடைப்பயிற்சி, எதுவாகவும் இருக்கட்டும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். நம்மவர்கள் எல்லாரும் "நேரமே கெடைக்கறதில்லைங்க" என்றுதான் ஆரம்பிப்போம். நேரத்தைத் தேட வேண்டாம். அந்த அரை மணி நேரம் பிள்ளை யார் கையில் இருக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் நேரம் வந்துவிடும். அது முடிவாகாமல் கலர் பேனாவில் அட்டவணை போடுவது நோட்டுக்குத்தான் நஷ்டம்.

முதல் வேலை: ஒன்றே ஒன்றை எடுப்பது

"உடம்பைப் பாத்துக்கோணும்", "நாமளும் நாலு காசு சம்பாரிக்கோணும்" என்பதெல்லாம் பெருமூச்சு. எங்கே முடியும் என்று தெரிகிற மாதிரி எழுதினால்தான் அது குறிக்கோள். "ஆடிக்குள் ஸ்கூட்டி லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும்." "வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்க வேண்டும்." இந்த மாதிரி ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டாவதாக ஒன்றை எழுதக் கை போனால் தடுத்துவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளோடு ஒரு வருடத்தில் ஒன்றைச் செய்து முடிப்பதே பெரிது.

எழுதியதை இரண்டு விதமாகச் சோதித்துப் பாருங்கள். நடுவில் சட்டென்று விட்டுவிட்டு ஓட முடியுமா, திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? இது முதல் சோதனை. படிப்பு, நடை, எம்பிராய்டரி எல்லாம் இதில் தேறும். கொதிக்கிற எண்ணெயில் முறுக்குச் சுட்டு விற்பது, தவழ்கிற பிள்ளை இருக்கிற அறையில் தையல் மெஷின் ஓட்டுவது இரண்டும் தேறாது. தொழில் நல்லதுதான், பிள்ளை வளரட்டும். இரண்டாவது சோதனை, இது யாருடைய ஆசை என்பது. ஒரம்பரை (விருந்தாளியாக) வந்தவர்கள் "பி.எட். முடிச்சு வெச்சா நல்லதுதானே" என்று காப்பி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். தூக்கம் கெடப்போவது உங்களுக்கு. நீங்களாக ஆசைப்படாத படிப்பு, பிள்ளைக்கு முதல் காய்ச்சல் வந்ததுமே நின்றுவிடும்.

பிள்ளையின் வயதைப் பார்த்து அளவு வைப்பது

முதல் ஆறு மாதம் குறிக்கோளே வேண்டாம். பிரசவித்த உடம்பு தேற வேண்டும், சிசேரியன் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் தடுப்பூசி இருக்கும், ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கும். அந்தக் காலத்தில் செய்யத் தகுந்தது விசாரிப்பு ஒன்றுதான். எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பம், என்ன சான்றிதழ் வேண்டும், டி.சி. யாரிடம் இருக்கிறது என்று போனிலேயே கேட்டு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

நடக்க ஆரம்பித்ததிலிருந்து மூன்று வயது வரைதான் உள்ளதிலேயே கடினம். வாய்க்கு எட்டியதெல்லாம் உள்ளே போகும், கைக்கு எட்டியதெல்லாம் கீழே வரும். அந்தப் பருவத்தில் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது எதையும் செய்ய முடியும் என்று கணக்குப் போட வேண்டாம். தூங்கும்போது மட்டும் கணக்குப் போடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பகல் தூக்கத்தையும் சேர்த்து. நம் வீடுகளில் அப்பா வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, டிவி அணைத்து, பிள்ளை படுக்கப் பத்தரை ஆகிவிடுகிறது. அதை வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னே நகர்த்தி ஒன்பதுக்குக் கொண்டுவந்தால் பிள்ளைக்கும் தூக்கம் கூடும், உங்களுக்கும் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போக ஆரம்பித்தால் பகலில் சித்தெ நேரம் கிடைக்கும். பெரியது அரசுப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் படிக்கிறது என்றால் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் வெடியால அடுப்படி வேலையில் ஒரு பகுதி குறையும். அந்த நேரத்தைத் துணி துவைக்கக் கொடுத்துவிடாதீர்கள். துணி எப்போதும் இருக்கும்.

யார் கையில்: இதற்கு எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும்

"கொஞ்சம் பாத்துக்கங்க" என்று பொதுவாகக் கேட்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. கேட்கிறவர்களுக்கு அது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று தெரியாது, அதனால் மனதுக்குள் முனகுவார்கள். நாள், மணி, எதற்கு, எதுவரைக்கும் என்று நான்கையும் சொல்லிக் கேளுங்கள். எங்கள் வீதியில் ஒரு மருமகள் அவருடைய மாமியாரிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"ஏனுங்கத்தை, வெடியால ஏழு மணிக்கு அரை மணி நேரம் பாப்பாவ வெச்சுக்கறீங்களா? ஸ்கூல் கிரவுண்டுல வண்டி பழகிப்போட்டு வந்தர்றேன்."

"வாரத்துக்கு எத்தன நாளு கண்ணு?"

"செவ்வா, வியாழன், சனிங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிஞ்சுருமுங்க."

"செவ்வாக்கெழமெ நான் கோயலுக்குப் போகோணும். புதங்கெழமைன்னா பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மாமியார் நாளை மாற்றிச் சொன்னார் பாருங்கள், அதுதான் நல்ல சகுனம். நாள் மாற்றிச் சொல்கிறவர்கள் மனதார ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். "செரி செரி, பாக்கலாம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, சீரியல் ஓடுகிற நேரத்தைக் கேட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது அவர்கள் முழங்காலையும் நினைக்க வேண்டும். பாட்டிகளான ஆத்தாவுக்கும் அமுச்சிக்கும் பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஓடுகிற பிள்ளையின் பின்னால் அவர்களால் ஓட முடியாது. பிள்ளை சாப்பிடுகிற நேரம், கதை கேட்கிற நேரம், தூங்கி எழுகிற நேரம் இவற்றை அவர்களிடம் கொடுங்கள். பொழுதோட (சாயங்காலம்) ஆடித் திரிகிற நேரத்தை அப்பாவிடம் கொடுங்கள், அல்லது அப்பாருவோடு (தாத்தாவோடு) தோட்டத்துப் பக்கம் மாடு கன்று பார்க்க அனுப்புங்கள்.

வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்றால் ஒரு நிபந்தனை. இரண்டு பேரில் ஒருவர் வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும். அம்மா உள் அறையில் தாழ் போட்டுக்கொண்டு படிப்பதும், அப்பா முன்னறையில் பிள்ளையைச் சமாளிப்பதும் கால் மணி நேரம் தாங்காது. பிள்ளை கதவைத் தட்டும், அவர் "கொஞ்சம் பாரு" என்பார், கதை முடிந்தது. அவர் பிள்ளையை வண்டியில் வைத்துக் கடைவீதிக்குக் கூட்டிப் போகட்டும். இல்லையென்றால் நீங்கள் கிளை நூலகத்துக்கோ மொட்டை மாடிக்கோ போய்விடுங்கள். அப்பாக்களுக்கும் இதே விதிதான். நீங்கள் ஜிம்முக்குப் போகிற ஒரு மணி நேரம் சும்மா வந்ததாக நினைக்க வேண்டாம், உங்கள் மனைவி பிள்ளையை வைத்திருக்கிற ஒரு மணி நேரம் அது. திருப்பிக் கொடுங்கள்.

திருப்பூரில் லைன் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில்) இருக்கிறோம், பெரியவர்கள் எல்லாம் ஊரில், இரண்டு பேருமே கம்பெனிக்குப் போகிறோம் என்கிறவர்கள் பாடுதான் சிரமம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவரிடம் போய்க் குறிக்கோள் என்று பேசினால் சிரிப்பார், சிரிக்கவும் உரிமை உண்டு. அவர்களுக்கு வழி, அதே லைனில் இருக்கும் இன்னொரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உங்கள் பிள்ளைகள் அங்கே, அடுத்த ஞாயிறு அவர்கள் பிள்ளைகள் இங்கே. மாதத்துக்கு இரண்டு முறைதான் வரும், குறைவுதான். ஆனால் உறுதியாக வரும். வேலை செய்கிற இடத்தில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வைத்திருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

செல்போனை ஒரு ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், அதற்கப்புறமும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். போனைக் கொடுத்து வாங்கிய அரை மணி நேரத்துக்குப் பின்னால், போனைத் திரும்ப வாங்குவதற்கு இன்னொரு அரை மணி நேர அழுகை வரும். கணக்குக்கே கட்டாது.

காரியத்தைத் துண்டு போடுவது

லைசென்ஸையே எடுத்துக்கொள்வோம். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்தால் ஆறு மாதம் செல்லும். எடுத்த 30 நாள் கழித்துத்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி ஓட்டிக் காட்ட முடியும். அப்படியென்றால் உங்களுக்கு நடுவில் ஐந்து மாதம் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு முறை சளி பிடித்தாலும் தாங்குகிற இடைவெளி அது. முதல் துண்டு, சான்றிதழ்களை எடுத்து வைப்பது. இரண்டாவது, எல்.எல்.ஆர். மூன்றாவது, ஆள் இல்லாத கிரவுண்டில் வண்டியை நேராக ஓட்டி நிறுத்துவது. நான்காவது, எட்டு போடுவது. கால் தரையில் படாமல் எட்டு போட வரும் வரைக்கும் தேதி வாங்க வேண்டாம்.

குரூப் 4 கொஞ்சம் வேறு விதம். பத்தாவது தேறியிருந்தால் எழுதலாம், மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழிலிருந்து ஆரம்பியுங்கள். ஆறிலிருந்து பத்து வரைக்கும் உள்ள பள்ளித் தமிழ்ப் புத்தகங்கள் போதும், அவை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்கவும் தோதானவை. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் திருக்குறளும் ஒன்றுதான், நிலா நிலா ஓடி வா-வும் ஒன்றுதான், அம்மா குரல் கேட்டால் சரி. கணக்கை அப்படிப் படிக்க முடியாது. அதைப் பிள்ளை தூங்கிய பின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. தினமும் இருபது நிமிடம் இருபது நிமிடமாகப் படித்தவருக்குத் தேர்வறையில் மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் உட்காருவது பழக்கமே இருக்காது. இரண்டாவது மணியில் கவனம் சிதறும், காது தன்னாலே பிள்ளை அழுகிற சத்தத்தைத் தேடும். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் சில ஞாயிற்றுக்கிழமைகளையாவது முழுசாகக் கேட்டு வாங்கி, பழைய வினாத்தாளை மணி பார்த்து எழுதிப் பழகுங்கள். இதற்கு அம்மா வீடுதான் சரியான இடம்.

டிகிரிக்குத் தொலைநிலைக் கல்வி. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட பி.ஏ.வை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. சேரும்போதே "நான் ஐந்து வருடத்தில் முடிப்பேன்" என்று நினைத்துக்கொண்டு சேருங்கள். மூன்று என்று நினைத்துச் சேர்ந்தால் இரண்டாம் வருடமே மனது விட்டுப்போகும்.

நடைப்பயிற்சிக்கு வாரம் 150 நிமிடம் என்பது பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் சேரும். கோவை ரேஸ் கோர்ஸ் மாதிரி இடம் பக்கத்தில் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வராமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

காலண்டரில் முதலில் விடுமுறையைக் குறிப்பது

அடுப்படிச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரையே எடுங்கள், தனி டைரி வேண்டாம். நீங்கள் உட்காரப்போகிற நாட்களைக் குறிப்பதற்கு முன்னால், உட்கார முடியாத நாட்களை அடித்துவிடுங்கள். தைப்பொங்கல், வீட்டிலிருந்து யாராவது தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போனால் அந்த வாரம், மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) கம்பம் நட்டதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை, ஆடிப் பதினெட்டு, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம். பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு ஆர்டர் நெருக்குகிற நாட்கள், மஞ்சள் காடு இருந்தால் தை மாசியில் வெட்டும் வேகவைப்பும். இவற்றில் எதுவும் திடீரென்று வருவதில்லை. ஆனாலும் வருடா வருடம் நோம்பி வந்ததும் "எம்படிப்பு போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

பிறகு முகூர்த்த மாதங்களைப் பாருங்கள். நம் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் நிச்சயம், சீர், முகூர்த்தம், விருந்து என்று ஒரு வாரத்தையாவது கொண்டுபோகும். வைகாசி, ஆவணியில் இரண்டு மூன்று பத்திரிகை வந்துவிடும். கல்யாணம் வைக்காத ஆடி, புரட்டாசி, மார்கழி இவைதான் உங்கள் மாதங்கள். பெரிய துண்டுகளை அங்கே போடுங்கள். புரட்டாசிக்குப் பின்னால் மழை பிடித்தால் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாள் பேப்பரில் முன்னாலேயே வரும், அன்றைக்கு ஆன்லைன் வகுப்பு வேண்டாம்.

தவறிப்போன நாட்களுக்கு

தவறும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் தன்னியல்பாக ஒட்டிக்கொள்ள அவர்கள் பார்த்ததில் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம். அதே ஆய்வில் நமக்கு வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் போய்விட்டால், விட்டதைச் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாக உட்காராதீர்கள். விட்டதை விட்டுவிட்டு, அன்றைய துண்டில் பாதியைச் செய்யுங்கள். புத்தகத்தில் இரண்டு பக்கம் போதும். திங்கட்கிழமை வரட்டும், ஒண்ணாந்தேதி வரட்டும் என்று நல்ல நாள் பார்க்கவும் வேண்டாம். ஒரு மாதம் தொடர்ந்து நடக்கவே இல்லை என்றால் உங்கள் மன உறுதியைக் குறை சொல்லாமல், பிள்ளையைப் பார்க்க ஒத்துக்கொண்டவரிடம் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஏதாவது மாறியிருக்கும். அவருக்கு மூட்டு வலி கூடியிருக்கும், ஷிப்ட் மாறியிருக்கும், உங்களிடம் சொல்லச் சங்கடப்பட்டிருப்பார்.

செலவு

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. (தொடர் வைப்பு) போடலாம், தேர்வுக் கட்டணத்துக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வருகிறவர்கள் அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் நூலகத்துக்குப் போய்வரக் காசு தேவைப்படாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார். சந்தைக்குப் போகும்போது அவருக்கும் காய் வாங்கி வந்து கொடுங்கள்.

தேர்வோ டெஸ்ட்டோ வரும் நாள்

அன்றைக்குக் காலையில் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று இருக்காதீர்கள். கிளம்புகிற நேரத்தில் அது காலைக் கட்டிக்கொண்டு அழுதால் உங்களுக்கு மனது நிற்காது. முந்தைய நாள் பொழுதோடவே அம்மா வீட்டிலோ நாத்தனார் வீட்டிலோ விட்டு, ராத்திரி அங்கேயே பழக்கிவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஒத்திகையாக விட்டுப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் பால் குடிக்கிற பிள்ளை என்றால் தேர்வு மையத்துக்கே கூட்டிப் போக வேண்டியிருக்கும். கூட வருகிறவர் வெளியே நிழலில் உட்கார இடம் இருக்கிறதா என்று முந்தைய வாரமே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கருப்புப் பேனா எல்லாம் உங்கள் பையில். பால் பாட்டில், மாற்றுத் துணி, பிஸ்கட், காய்ச்சல் மருந்து, அதன் அளவு எழுதிய சீட்டு எல்லாம் அவர் பையில். இரண்டையும் ஒரே பையில் போட வேண்டாம். உள்ளே போகிறவர் ஒருவர், வெளியே இருக்கிறவர் ஒருவர்.